சாட்சியா கூப்பிட்டிருக்காங்களா? மொதல்ல பேப்பர்ல என்ன பிரிவு போட்டிருக்குனு பாருங்க

காரைக்குடி பக்கத்துல ஒரு ஊர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். வக்கீல் இல்ல, குமாஸ்தாவும் இல்ல, ஆனா பதினாறு வருஷமா சம்மனை காப்பி எடுக்க வர்றவங்க மூஞ்சியை பாத்துட்டு இருக்கேன். கல்யாணப் பத்திரிகை கொண்டு வர்றவங்க கடைக்குள்ள வரும்போதே சத்தம் போட்டுட்டு வருவாங்க, சம்மன் கொண்டு வர்றவங்க அதை நாலா மடிச்சு சட்டைப் பைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு, கடைல இருக்க ஆள் எல்லாம் போற வரைக்கும் நின்னுட்டு, "தம்பி ஒரு காப்பி... இதுல நம்மள பிடிச்சு உள்ள வச்சிருவாங்களா"ன்னு மெதுவா கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன்.

எனக்கு இதெல்லாம் எப்படி தெரியும்னா, நானே ஒரு கேஸ்ல சாட்சி. 2019ல எங்க கடைக்கு எதுத்தாப்புல இருக்க பெரிய வீட்ல திருட்டு போச்சு. பதினாலு புள்ளி, அதாவது பதினாலு குடும்பம், பங்குள்ள வீடு, ஒருத்தரும் இங்க இல்ல, சென்னை கோயமுத்தூர் சிங்கப்பூர்னு இருக்காங்க, முன்னோருக்கு படைக்கிற படைப்புக்கு மட்டும் வந்து வளவுல, அதான் உள் முற்றத்துல, விளக்கேத்திட்டு போவாங்க. இரண்டாம் கட்டுல இருந்த பர்மா தேக்கு கதவு ரெண்டு, பித்தளை அண்டா, எனாமல் தூக்குச்சட்டினு அள்ளிட்டு போயிட்டாங்க. போலீஸ் வந்து பாத்துட்டு, பக்கத்துல யாரு கடை திறந்திருக்கானு பாத்து என்னையும் டீக்கடைக்காரரையும் கூப்ட்டு ரெண்டு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. ஒண்ணு முழுசா எழுதினது, இன்னொண்ணு பாதி வரைக்கும்தான் எழுதிருந்துச்சு, "மீதியை ஸ்டேஷன்ல போய் எழுதிக்குறோம், நீங்க போடுங்க"ன்னு சொன்னாரு ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்குற ரைட்டர், நானும் போட்டேன். அந்த ஒரு கையெழுத்து மூணு வருஷம் கழிச்சு கோர்ட்ல என்னை எப்படி வியர்க்க வச்சுச்சுனு பின்னாடி சொல்றேன். சாட்சிக்கு வர்ற கஷ்டம் எல்லாம் கூண்டுல நிக்கும்போது வர்றதில்லைங்க, சம்பவம் நடந்த அன்னைக்கு மொத பத்து நிமிஷத்துல நம்மளே விதைச்சு வச்சிருப்போம்.

பேப்பரை படிக்கிறது

2024 ஜூலை 1ல இருந்து சட்டம் மாறிருச்சு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பிஎன்எஸ்எஸ், தண்டனைச் சட்டமான ஐபிசி போய் பிஎன்எஸ், சாட்சியச் சட்டம் போய் பிஎஸ்ஏ. பழைய கேஸ்ல இன்னமும் பழைய நம்பர்தான் போட்டு வரும், அதனால ரெண்டையும் சொல்லிடறேன்.

ஸ்டேஷன்ல இருந்து வந்த நோட்டீஸ்ல பிஎன்எஸ்எஸ் 179ன்னு இருந்தா (பழசுல 160) உங்களை சாட்சியா கூப்பிடுறாங்க, அவ்வளவுதான். 35(3)ன்னு இருந்தா (பழசுல 41ஏ) கதை வேற, அது உங்க மேலயே சந்தேகம் இருக்கதா அர்த்தம், அதை வச்சுக்கிட்டு ஜெராக்ஸ் கடைக்கு வராதீங்க, நேரா ஒரு வக்கீல்ட்ட போங்க. 94ன்னு இருந்தா (பழசுல 91) ஏதோ பேப்பரோ பொருளோ கொண்டு வந்து கொடுக்கச் சொல்றாங்க, பழைய சாமான் கடை வச்சிருக்கவங்களுக்கு இது அடிக்கடி வரும், பில்லு புக்கு கொடுங்கன்னு. பாதி பேரு நம்பரையே பாக்காம "போலீஸ் நோட்டீஸ் வந்துருச்சு"ன்னு ராத்திரி பூரா தூங்காம கிடக்கிறாங்க.

கோர்ட்ல இருந்து வர்றதுதான் நிஜமான சம்மன். எழுத்துல இருக்கும், கையெழுத்து இருக்கும், கோர்ட் முத்திரை இருக்கும், இப்ப எலக்ட்ரானிக்காவும் அனுப்பலாம்னு சட்டத்துல இருக்கு, அதுலயும் முத்திரையோட படமோ டிஜிட்டல் கையெழுத்தோ இருக்கணும். எந்த கோர்ட்டுனு நல்லா பாருங்க. நம்ம செட்டிநாடு ரெண்டு மாவட்டத்துல கிடக்கு, காரைக்குடி தேவகோட்டை சிவகங்கை மாவட்டம், பொன்னமராவதி திருமயம் புதுக்கோட்டை மாவட்டம். அதுலயும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டா செஷன்ஸா, காரைக்குடியா தேவகோட்டையா சிவகங்கையானு இருக்கு. காரைக்குடி கோர்ட்ல பத்தரைக்கு போய் உக்காந்துட்டு பன்னெண்டு மணிக்கு "உங்களுக்கு தேவகோட்டை அண்ணே"னு சொல்லி திருப்பி அனுப்பப்பட்ட ஆளை எனக்கு தெரியும். கேஸ் நம்பர் இருந்தா இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டு பாருங்க, வாய்தா தேதி அதுலயே தெரியும், ஒவ்வொரு கேஸுக்கும் சிஎன்ஆர் நம்பர்னு எழுத்தும் எண்ணும் கலந்து 16 இலக்கத்துல ஒண்ணு இருக்கும், அது கிடைச்சா தேடுறது இன்னும் சுலபம்.

வாட்ஸாப்ல வீடியோ கால் போட்டு, காக்கிச் சட்டையில ஒருத்தன் உக்காந்து "உங்க பேர்ல பார்சல்ல போதைப் பொருள், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிருக்கோம், கேமராவை விட்டு நகராதீங்க"ன்னு சொன்னா அது நூத்துக்கு நூறு ஏமாத்து வேலை. டிஜிட்டல் அரெஸ்டுனு ஒண்ணு நம்ம சட்டத்துலயே கிடையாது. போனை வச்சுட்டு சைபர் க்ரைம் உதவி நம்பர் 1930க்கு அடிங்க. பையன் பொண்ணு எல்லாம் வெளிநாட்ல, பெரிய வீட்ல தனியா இருக்க ஆச்சிமார்களை குறி வச்சே கூப்பிடுறானுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு வார்த்தை சொல்லி வைங்க. சுப்ரீம் கோர்ட்டே 2025 ஜனவரில சொல்லிருச்சு, போலீஸ் அந்த 35 நோட்டீஸை வாட்ஸாப்ல அனுப்பிட்டு கொடுத்தாச்சுனு சொல்லக்கூடாது, சட்டத்துல உள்ள முறைப்படிதான் கொடுக்கணும்னு.

சம்மன் வரும்போது நீங்க வீட்ல இல்லன்னா வீட்ல இருக்க வயசு வந்தவங்க யார்ட்டயும் கொடுக்கலாம். முன்னாடி ஆம்பளைங்க கிட்டதான் கொடுக்கணும்னு இருந்துச்சு, இப்ப பொம்பளைங்க வாங்கினாலும் செல்லும். வேலைக்காரங்க குடும்பத்து ஆள் கணக்குல வரமாட்டாங்க. யாருமே இல்லைனா கதவுல ஒட்டிட்டு போவாங்க, அதனால வாங்காம ஒளிஞ்சா தப்பிச்சிரலாம்ங்கறது சும்மா. ஒளியறதே தனி குற்றம்.

ஸ்டேஷனுக்கு போகணுமா

எல்லாரும் போக வேண்டியதில்லை. பொம்பளைங்க யாரா இருந்தாலும் சரி, 60 வயசு தாண்டின ஆம்பளைங்க, 15 வயசுக்கு கீழ உள்ள பசங்க, மாற்றுத்திறனாளிங்க, கடுமையா உடம்பு முடியாதவங்க, இவங்களை சாட்சி விசாரணைக்குன்னு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது, போலீஸ்தான் அவங்க வீட்டுக்கு வரணும், அந்த 179லயே இருக்கு. பழைய சட்டத்துல 65னு இருந்த வயசை இப்ப 60ஆ குறைச்சிருக்காங்க. அவங்களா விரும்பி போனா போகலாம். இது புதுசா வந்த சலுகையும் இல்ல, ஒடிசால முதலமைச்சரா இருந்த நந்தினி சத்பதியை ஸ்டேஷனுக்கு கூப்ட்ட விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போய், 1978லயே ஒரு பொம்பளையை இப்படி ஸ்டேஷனுக்கு வரச்சொன்னது தப்புனு கோர்ட் சொல்லிருக்கு. முதலமைச்சரா இருந்தவங்களுக்கே அந்த நிலைமைனா நம்ம ஆச்சிக்கு யாரு போய் எடுத்துச் சொல்லுவா, அதனால நீங்களே மரியாதையா சொல்லுங்க, "சார் ஆச்சிக்கு 72 வயசு, முகப்புல நாற்காலி போட்டு வைக்கிறோம், நீங்க வாங்க"ன்னு. நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் வந்துருவாங்க.

இன்னொண்ணு, 179 நோட்டீஸ் போடுற ஸ்டேஷன் எல்லைக்குள்ளயோ அதை ஒட்டின ஸ்டேஷன் எல்லைக்குள்ளயோ நீங்க இருக்கணும். சென்னை ஸ்டேஷன்ல இருந்து காரைக்குடி ஆளை அந்த பிரிவுல அங்க வரச்சொல்லி கட்டாயப்படுத்த முடியாது.

போலீஸ்ட்ட என்ன சொல்றது, எதுல கையெழுத்து போடுறது

இங்கதான் நிறைய சொல்லணும்.

போலீஸ் விசாரிச்சு எழுதிக்குற வாக்குமூலம், 180வது பிரிவு, பழசுல 161, எல்லாரும் ஒன் சிக்ஸ்டி ஒன்னு சொல்லுவாங்க. கேக்குறதுக்கு உண்மையா பதில் சொல்லணும், ஆனா பதில் சொன்னா நம்ம மேலயே கேஸ் வரும்ங்கற மாதிரி கேள்விக்கு பதில் சொல்லாம இருக்கலாம். இந்த வாக்குமூலத்துல நீங்க கையெழுத்து போட வேண்டியதே இல்ல. போடக்கூடாதுன்னே சட்டம் சொல்லுது. கோர்ட்ல இதை மட்டும் வச்சு எதையும் நிரூபிக்க முடியாது, "அன்னைக்கு அப்படி சொன்னீங்களே இன்னைக்கு மாத்தி சொல்றீங்களே"ன்னு முரண்பாட்டை காட்டத்தான் முடியும்.

மகசர் அப்படி இல்ல. சம்பவ இடத்தை பாத்து எழுதுறது பார்வை மகசர், பொருளை எடுக்கும்போது எழுதுறதை இங்க அத்தாட்சின்னும் சொல்லுவாங்க, இதுலதான் சாட்சி கையெழுத்து வாங்குவாங்க. ரெண்டு உள்ளூர் ஆளு இருக்கணும்னு சட்டம், அதனால பக்கத்து கடைக்காரன் தலையிலதான் விழும். எழுத்து மூலமா உத்தரவு கொடுத்து சோதனைக்கு சாட்சியா கூப்ட்டு, நியாயமான காரணம் இல்லாம முடியாதுன்னா அது குற்றம்தான், அதனால ஓடுறதுல பிரயோஜனம் இல்ல. போங்க, கூடவே நடங்க, எந்த இடத்துல எந்த பொருளை எடுத்தாங்கனு கண்ணால பாருங்க, முழுசா எழுதி முடிச்ச பிறகு படிங்க, கண்ணு தெரியலைனா படிச்சுக் காட்ட சொல்லுங்க, வெத்து இடம் இருந்தா கோடு போட சொல்லுங்க, அதுக்கு அப்புறம் கையெழுத்து, அது பக்கத்துலயே தேதியும் மணியும் உங்க கையால எழுதிருங்க. பாதி பேப்பர்ல போடாதீங்க, வெத்துப் பேப்பர்ல போடவே போடாதீங்க. "அவசரம் சார், கடையை பூட்டணும்"னு நம்மளே அவசரப்படுறதும் உண்டு, நான் அப்படிதான் பட்டேன். 2024க்கு அப்புறம் சோதனை, கைப்பற்றல் எல்லாத்தையும் வீடியோ எடுக்கணும்னு வந்திருக்கு, செல்போன்லயே எடுக்கிறாங்க, ஆக நீங்க எங்க நின்னீங்கங்கறதும் அதுல பதிவாகிடும், இல்லாத இடத்துல இருந்ததா கையெழுத்து போட்டா மாட்டிக்கிறது நீங்கதான்.

கடைல சிசிடிவி இருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துல எதுவும் நடந்துச்சுனு தெரிஞ்சா அன்னைக்கே பதிவை தனியா எடுத்து வைங்க, பழசு மேல புதுசு பதிஞ்சு போயிடும். போலீஸ் கேட்டா எழுத்துல வாங்கிட்டு கொடுங்க, கொடுத்ததுக்கு ரசீது வாங்குங்க. கூடவே பிஎஸ்ஏ 63வது பிரிவு சர்டிபிகேட்டுனு ஒண்ணுல கையெழுத்து கேப்பாங்க, பழசுல 65பி, இந்த மெஷின்ல இருந்துதான் எடுத்தது, மெஷின் சரியா வேலை செஞ்சுதுனு நீங்க சொல்ற சர்டிபிகேட், அதுல ஒரு பகுதி நீங்க, இன்னொரு பகுதி நிபுணர். இதுல கையெழுத்து போட்டா நாளைக்கு கோர்ட்டுக்கு நீங்களும் போக வேண்டி வரலாம்னு மனசுல வச்சுக்கங்க.

பெரிய கேஸ்ல மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொண்டு போய் வாக்குமூலம் வாங்குவாங்க, 183, பழசுல 164. அது சத்தியம் பண்ணி சொல்றது, கையெழுத்தும் உண்டு. அங்க ஒண்ணு சொல்லிட்டு கோர்ட்ல வேற சொன்னா நேரா பொய் சாட்சி பக்கம்தான் போகும். அதே மாதிரி நகைக்கடை, பைனான்ஸ் நடத்துறவங்களுக்கு ஈடி, அதான் அமலாக்கத் துறை, சம்மன் வந்தா அது போலீஸ் விசாரணை மாதிரி நினைச்சுட்டு போகாதீங்க. அங்க நீங்க சொல்றதை எழுதி கையெழுத்து வாங்குவாங்க, அதுல பொய் சொன்னா கோர்ட்ல பொய் சொன்ன மாதிரிதான் கணக்கு. வக்கீலை பாத்துட்டு போங்க.

பொய்னா எது பொய்

இதை குமாஸ்தா நண்பர் ஒருத்தர் எனக்கு புத்தகத்தை விரிச்சு காட்டினார், காட்டின அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. பிஎன்எஸ் 227, பழசுல ஐபிசி 191. பொய்னு தெரிஞ்சு சொல்றது பொய் சாட்சி, சரி, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுலயே இன்னொண்ணு இருக்கு, நமக்கு தெரியாத ஒண்ணை தெரியும்னு சொன்னாலும் அதுவும் பொய் சாட்சிதான். அதுக்கு சட்டத்துலயே ஒரு உதாரணம் கொடுத்திருக்காங்க, இன்ன ஆளு இன்ன தேதில இன்ன இடத்துல இருந்தாருன்னு எனக்கு தெரியும்னு ஒருத்தர் சத்தியம் பண்ணி சொல்றார், அதை பத்தி அவருக்கு ஒண்ணுமே தெரியாது. அந்த ஆளு நிஜமாவே அங்க இருந்திருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, சொன்னவர் பொய் சாட்சி சொன்னவர்தான்.

புரியுதா. அந்த ஆளு அங்க இருந்தது உண்மையாவே இருந்தாலும், நீங்க பாக்காம பாத்தேன்னு சொன்னா நீங்க பொய்யர்.

நம்ம ஊர்ல பொய் சாட்சி சொல்றவன்ல முக்காவாசி பேர் காசு வாங்கினவன் இல்ல. நல்லவன். "திருடன் அவன்தாண்டா, ஊருக்கே தெரியும், நம்ம ஒரு வார்த்தை சொன்னா கேஸ் நிக்கும்"னு நினைச்சு, டீக்கடைல கேட்டதை கண்ணால பாத்த மாதிரி சொல்றவன். நானும் அதைத்தான் செஞ்சேன். அன்னைக்கு ராத்திரி பத்தரை வாக்குல எதுத்த வீட்டு சந்துல ஒரு மினி லாரி நின்னதை நான் பாத்தேன், அது உண்மை. நம்பரை நான் பாக்கல, டீக்கடைக்காரர்தான் சொன்னார். போலீஸ் கேட்டப்போ ரெண்டையும் சேத்து "இந்த நம்பர் மினி லாரி நின்னுச்சு சார்"னு சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாங்க.

கோர்ட்ல பொய் சாட்சிக்கு ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் வரை அபராதம், 229வது பிரிவு. மரண தண்டனை கிடைக்கக்கூடிய கேஸ்ல ஒருத்தரை மாட்டி விடணும்னு பொய் சொன்னா ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். கோர்ட்டுக்கு வெளியவும் இருக்கு, ஒருத்தரை சிக்க வைக்க அதிகாரிட்ட பொய்த் தகவல் கொடுத்தா ஒரு வருஷம் வரைக்கும், 217வது பிரிவு. பங்காளிச் சண்டையில கோவத்துல போய் "கொலை மிரட்டல் விட்டான்"னு எழுதிக் கொடுக்கிறவங்க இதை கொஞ்சம் படிக்கணும். நடைமுறைல பொய் சாட்சிக்குன்னு கேஸ் போடுறது குறைவுதான், கோர்ட்டே விசாரிச்சு கோர்ட்டே புகார் கொடுக்கணும், அது லேசுல நடக்கறதில்ல, ஆனா நடக்காதுனு நம்பி போகாதீங்க. குஜராத் பெஸ்ட் பேக்கரி கலவரக் கொலைக் கேஸ்ல முக்கிய சாட்சி வாக்குமூலத்தை மாத்தி மாத்தி சொன்னதுக்கு 2006ல சுப்ரீம் கோர்ட் கோர்ட் அவமதிப்புல ஒரு வருஷம் ஜெயிலும் 50,000 ரூபா செலவுத் தொகையும் போட்டுச்சு.

மறந்து போறது பொய் இல்ல. மூணு வருஷம் முன்னாடி நடந்ததுல மணி பத்தா பதினொண்ணானு குழம்புறது இயற்கை. "ஞாபகம் இல்லைங்க"ன்னு சொல்லுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

கோர்ட் அன்னைக்கு

சம்மன், ஆதார், தண்ணி பாட்டில், கண்ணாடி, மாத்திரை. பத்து மணிக்கே போயிருங்க, கோர்ட் பத்தரைக்கு. போனை ஆஃப் பண்ணிருங்க, நீதிபதி முன்னாடி ரிங்டோன் அடிச்சா அன்னைக்கு முழுக்க உங்களுக்கு மூஞ்சி காட்ட முடியாது. உள்ள போனதும் கோர்ட் கான்ஸ்டபிளை பாருங்க, அந்த ஸ்டேஷன்ல இருந்து ஒருத்தர் கோர்ட் வேலைக்குனே இருப்பார், அவர்ட்ட சொன்னா ஏபிபி கிட்ட கூட்டிட்டு போவார். ஏபிபிதான் அரசு தரப்பு வக்கீல், செஷன்ஸ் கோர்ட்டா இருந்தா பிபி. சாட்சிக்கு தனியா வக்கீல் வச்சுக்கணும்னு அவசியம் இல்ல.

வந்த அன்னைக்கே விசாரிச்சு அனுப்பணும்னுதான் சட்டம், சாட்சி வந்து நிக்கும்போது காரணம் எழுதாம ஒத்திவைக்கக்கூடாது. ஆனா நம்ம கோர்ட் நமக்கு தெரியாதா, நான் மூணு வாய்தா அலைஞ்சேன், ஒரு தடவை எதிர் தரப்பு வக்கீல் வரல, ஒரு தடவை நீதிபதி லீவு, மூணாவது தடவைதான் கோர்ட் சேவகர் டவாலி என் பேரை மூணு முறை கூப்ட்டார். போகாம விட்டிராதீங்க, காரணம் இல்லாம வராத சாட்சிக்கு வாரண்ட் போடலாம், போட்டா கான்ஸ்டபிள் வீட்டு வாசல்ல வந்து நிப்பார், கோர்ட் உத்தரவை மதிக்காம வராம இருந்ததுக்கு ஆறு மாசம் வரை ஜெயிலோ பத்தாயிரம் வரை அபராதமோ போட தனிப் பிரிவும் இருக்கு. உடம்பு சரியில்லன்னா டாக்டர் சர்டிபிகேட்டை முன்னாடியே கான்ஸ்டபிள் மூலமா ஏபிபிக்கு கொடுத்துருங்க. சிங்கப்பூர் மலேசியால இருக்கவங்க, கோர்ட் அனுமதிச்சா வீடியோ மூலமா சாட்சி சொல்லலாம், சும்மா இருந்துட்டு கடைசி நேரத்துல கேக்காம முன்கூட்டியே ஏபிபி கிட்ட கேளுங்க.

கூண்டுல ஏறினதும் சத்தியப் பிரமாணம். சினிமால காட்டுற மாதிரி கீதை மேல கை வைக்கிறது எல்லாம் இல்ல, 1969ம் வருஷ சட்டப்படி கடவுள் மேல சத்தியம் பண்ணலாம், அது இஷ்டமில்லாதவங்க மனசார உறுதி சொல்லலாம், ரெண்டுக்கும் மதிப்பு ஒண்ணுதான்.

மொதல்ல ஏபிபி கேப்பார், அது முதல் விசாரணை. அவர் பதிலை வாயில ஊட்டுற மாதிரி கேக்கக்கூடாது, அதனால "என்ன நடந்துச்சு சொல்லுங்க"ன்னு கேட்டுட்டு நிப்பார், நீங்களா வரிசையா சொல்லணும். அப்புறம் எதிர் தரப்பு வக்கீல், குறுக்கு விசாரணை. அவர் ஊட்டலாம், மடக்கலாம், ஒரே கேள்வியை நாலு விதமா கேக்கலாம். கோவப்படாதீங்க, அவருக்கு அது தொழில். கேள்வி முடியற வரைக்கும் கேளுங்க, புரியலைனா "புரியலைங்கய்யா, திருப்பி கேளுங்க"ன்னு சொல்லுங்க, நீதிபதியை பாத்து மெதுவா சொல்லுங்க, அவங்க டைப் அடிக்கணும்ல. கேட்டதுக்கு மட்டும் பதில். நம்ம ஊர்ல ஒரு வியாதி இருக்கு, "உங்க கடை எங்க இருக்கு"ன்னு கேட்டா கடை வச்ச கதையில ஆரம்பிச்சு கடன் அடைச்ச கதை வரைக்கும் சொல்லுவோம், அதுல ஏதாவது ஒண்ணை பிடிச்சுக்குவாங்க.

கடைசில வக்கீல் வரிசையா சொல்லிட்டே வருவார், "நீங்க சம்பவ இடத்துக்கு போகவே இல்லன்னு சொல்றேன்", "போலீஸ் சொல்லிக் கொடுத்து பொய் சாட்சி சொல்றீங்கன்னு சொல்றேன்"னு. மொத தடவை கேக்குறவங்களுக்கு முகம் சிவந்திரும். அது கேள்விதான், நீங்க "சரியில்ல"ன்னா சரியில்ல, அவங்க "என்று சொன்னால் சரியல்ல"ன்னு அடிச்சுட்டு அடுத்ததுக்கு போயிருவாங்க. அதுல ஒண்ணு உண்மையா இருந்தா "ஆமா"ன்னுதான் சொல்லணும்.

எனக்கு நடந்தது இதுதான். "நம்பரை நீங்க பாத்தீங்களா?" ன்னு எதிர் தரப்பு வக்கீல் கேட்டார். தொண்டை காய்ஞ்சு போச்சு. "இல்லைங்கய்யா, வண்டியை பாத்தேன், நம்பரை டீக்கடைல சொன்னாங்க." "போலீஸ்ட்ட பாத்ததா சொல்லிருக்கீங்களே?" "சொன்னேன், தப்பா சொல்லிட்டேன்." ஏபிபி என்னை ஒரு பார்வை பாத்தார் பாருங்க. அடுத்து அந்த வக்கீல் மகசரை நீட்டினார், "இதுல உள்ள கையெழுத்து உங்களோடதா?" "ஆமா." "எங்க வச்சு போட்டீங்க, அப்ப முழுசா எழுதிருந்துச்சா?" "பாதி எழுதிருந்துச்சுங்க." கூண்டுல நிக்கும்போது, ரைட்டரை காட்டிக் கொடுக்கிறோமேனு ஒரு பக்கம், திருடினவன் தப்பிச்சிருவானோனு ஒரு பக்கம், நெஞ்சு படபடன்னு அடிச்சுது. என்னை பிறழ் சாட்சின்னு அறிவிக்கலாமான்னு ஏபிபி யோசிச்சிருப்பார் போல, அறிவிக்கல. பிறழ் சாட்சின்னா உடனே ஜெயில்னு பயப்படாதீங்க, தன் தரப்பு சாட்சியையே ஏபிபி குறுக்கு விசாரணை பண்ண கோர்ட் அனுமதி கொடுக்கிறது அது, அப்படி ஆன சாட்சி சொன்னதுல உண்மைனு படுறதை கோர்ட் அப்பவும் எடுத்துக்கும்.

ரெண்டு பக்கமும் நம்ம ஆளுன்னா

சின்ன ஊர்ல இதுதான் பெரிய தலைவலி. திருடினவன் மாமா வருவார், "அண்ணே, சின்னப் பய, வாழ்க்கை போயிரும், நம்பரை மறந்துட்டேன்னு சொல்லிருங்க"ன்னு. பலகாரத் தட்டோட வருவாங்க, அடுத்து வர்றவங்க பலகாரம் இல்லாம வருவாங்க. வாங்காதீங்க, வாக்குவாதமும் வேணாம், "கோர்ட்ல கேக்குறதுக்கு பாத்ததை சொல்லுவேன்"னு அனுப்பிருங்க. மிரட்டினா, பொய் சாட்சி சொல்லச் சொல்லி மிரட்டுறதுக்கே ஏழு வருஷம் வரை தண்டனை இருக்கு, பிஎன்எஸ் 232வது பிரிவு. நிஜமாவே உயிர் பயம் இருந்தா 2018ல சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிட்ட சாட்சி பாதுகாப்புத் திட்டம் இருக்கு, மாவட்ட நீதிபதி தலைமையில ஒரு கமிட்டி, மனு கொடுத்தா போலீஸ்ட்ட மிரட்டல் எந்த அளவுன்னு ரிப்போர்ட் வாங்கி பாதுகாப்பு போடுவாங்க. ஏபிபி ஆபீஸ்லயே கேக்கலாம்.

சிவில் கேஸும் நம்ம பக்கம் நிறைய, பாகப்பிரிவினை இல்லாத பெரிய வீடு எது சொல்லுங்க. அதுல முதல் விசாரணை வாயால கிடையாது, பிரமாண வாக்குமூலமா டைப் பண்ணி கொடுத்துருவாங்க, கூண்டுல குறுக்கு விசாரணை மட்டும்தான். அந்த பேப்பரை வக்கீல் ஆபீஸ்ல தயார் பண்ணி "கையெழுத்து போடுங்க அண்ணே"ம்பாங்க, ஒவ்வொரு வரியும் நீங்க சொன்ன மாதிரிதான் கணக்கு, உக்காந்து படிங்க. அப்புறம் உயில். ஆச்சி கூப்ட்டாங்கனு போய் சாட்சிக் கையெழுத்து போட்டுட்டு வந்துருப்பீங்க, பத்து வருஷம் கழிச்சு ஆச்சி போன பிறகு பசங்க அடிச்சுக்குவாங்க, உயிலை கோர்ட்ல நிரூபிக்கணும்னா சாட்சிக் கையெழுத்து போட்டவங்கள்ல ஒருத்தராவது உயிரோட இருந்தா அவங்களை வரவைக்கணும். ஆச்சி உங்க கண்ணு முன்னாடி கையெழுத்து போட்டாங்களா, புத்தி தெளிவா இருந்தாங்களான்னு கேப்பாங்க. பட்டாலைல, அதான் வெளிக் கூடத்துல, உக்காந்து காப்பி குடிச்சுட்டு, உள்ள போய் பேப்பர் வந்ததும் போட்டேன்னா அது உதவாது.

முடிஞ்சு இறங்கும்போது

டைப் அடிச்ச சாட்சியத்தை படிச்சுக் காட்டுவாங்க, கவனமா கேளுங்க, பசி மயக்கத்துல தலையாட்டாதீங்க. பத்துனு சொன்னது பதினொண்ணுனு இருந்தா அங்கயே சொல்லுங்க, அதை பதிவு பண்ணுவாங்க. அப்புறம்தான் கையெழுத்து. சாட்சிப் படி உண்டு, பஸ் காசு மாதிரி கொஞ்சம்தான், கேட்டு வாங்கிக்கலாம், வேலைக்கு போறவங்க வந்ததுக்கு சர்டிபிகேட் கேட்டா கொடுப்பாங்க, லீவுக்கு ஆகும்.

எங்க கேஸ்ல பேப்பர் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. கோர்ட் நினைச்சா முடிஞ்சு போன சாட்சியையும் திரும்ப கூப்பிடலாம், பிஎன்எஸ்எஸ் 348வது பிரிவு, டீக்கடைக்காரரை ரெண்டாவது தடவை கூப்ட்டிருக்காங்க, போன வாரம் சம்மனை என்கிட்டதான் காட்டினார். நீங்களும் சம்மன், ஆஸ்பத்திரி சீட்டு, சிசிடிவி கொடுத்த ரசீது எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு பெட்டகத்துல வைங்க, தூக்கிப் போடாதீங்க. ஒரு காப்பி எடுத்து தனியா வைங்க, எங்க கடைலதான் எடுக்கணும்னு இல்ல.